‘இது எந்த ஃபாண்ட்ல அடிச்சது, சார்?’

1997-ல் அடித்த தமிழை இன்றைய கம்ப்யூட்டர் ஏன் படிக்க மறுக்கிறது? மேற்கு மாம்பலத்து டி.டி.பி. கடையில் தொடங்கி டோக்கியோவரை போய்த் திரும்பும் ஓர் எழுத்துக் கதை.

துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டி மேற்கே வந்துவிட்டால் தி.நகரின் இரைச்சல் சட்டென்று தணிந்துவிடும். அயோத்தியா மண்டபத்தைக் கடந்து ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தக் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங், கல்யாணப் பத்திரிகை என்று மூன்றே வரி போர்டு. உள்ளே இருப்பவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் இதே பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, பிறகு டி.டி.பி.க்கு மாறியவர்.

என் கையில் ஒரு பென் டிரைவ். அதில் என் அப்பாவின் நினைவுக் குறிப்புகள். 1997-ல் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்காகச் சின்னப் புத்தகமாக அச்சடித்தோம். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தது போக வீட்டில் மிஞ்சிய ஒரு பிரதியையும் கரையான் பதம் பார்த்துவிட்டது. பரணில் கிடைத்தது ஒரு மூன்றரை அங்குல ஃப்ளாப்பி. அதைப் படிக்க இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் வழி இல்லை. ரிச்சி தெருவில் ஒரு பழைய டிரைவைத் தேடிப் பிடித்து, ஃபைலைப் பென் டிரைவுக்கு மாற்றினேன். திறந்து பார்த்தால் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக, யாரோ கீபோர்டின் மேல் கோதுமை காயவைத்தது போல இருந்தது.

அந்த அம்மா திரையைப் பார்த்தார். “இது எந்த ஃபாண்ட்ல அடிச்சது, சார்?”

“தெரியலையே மேடம். அடிச்ச கடையே இப்ப இல்ல.”

அவர் மேலே பேசவில்லை. திரையில் ஒரு சொல்லை விரலால் தொட்டார்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, அதே விசைகளைக் காற்றில் அடித்துப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது.

“தமிழ்னு போட்டிருக்கு, சார். இது பழைய மெஷின் வரிசைதான். பாமினி மாதிரி ஏதாவது ஒண்ணா இருக்கும்.”

கம்ப்யூட்டருக்குப் புரியாததை, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ‘யளனக’ பழகிய விரல்கள் படித்துவிட்டன. நடு வரிசையில் வலது ஆள்காட்டி விரலுக்குத் தகரம், நடுவிரலுக்கு மகரம், சுண்டுவிரலுக்குப் புள்ளி. இந்தப் பாடத்தை அந்தக் காலத்துத் தமிழ் டைப்ரைட்டர் எழுதியது. 27 வருஷம் கழித்து என் அப்பாவின் ஃபைலைத் திறக்கும் சாவியும் அதுவாகவே இருந்தது.

மெஷினுக்குள் வந்த தமிழ்

ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலை பார்த்தவர். தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்று இன்றும் போற்றப்படுபவர். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் எப்படி அடக்குவது என்பதுதான் அவர் முன்னால் நின்ற கேள்வி. அதற்குக் கிடைத்த விடை, நகராத விசை. சாதாரண விசையை அடித்தால் காகிதம் ஓரிடம் நகரும். புள்ளியையும் இகரக் கொக்கியையும் அடித்தால் நகராது. ஆகவே மெஷினில் புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் மெய்யெழுத்தை அடிக்க வேண்டும். வாயில் ‘க்’ என்று சொல்லிக்கொண்டே கை புள்ளியிலிருந்து தொடங்கும். டைப்ரைட்டிங் கற்ற எல்லோரும் இந்தத் தலைகீழ்ப் பாடத்தைத் தாண்டி வந்தவர்கள்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் தெளிவாகிறது. மெஷினுக்குத் தமிழ் என்பது ஒலி அல்ல, உருவம். கால், கொம்பு, கொக்கி, புள்ளி என்று துண்டு துண்டான உருவங்களைச் சரியான இடத்தில் பதித்தால் போதும், காகிதத்தில் தமிழ் வந்துவிடும். காகிதத்துக்கு அது போதுமானது. கம்ப்யூட்டர் வந்தபோதும் நாம் இதே வழியில் போனோம். சிக்கல் அங்கே தொடங்கியது.

நூறு துண்டுகளில் ஒரு மொழி

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஆரம்ப விலைக்குக் கிடைத்த மாடலில் நினைவகம் 16 கிலோபைட். கறுப்புத் திரையில் 25 வரி, வரிக்கு 80 எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுப் பெட்டி: அகலம் 9 புள்ளி, உயரம் 14 புள்ளி. ஆங்கில ‘ஐ’யும் ‘டபிள்யூ’வும் அதற்குள் அடங்கிவிடும். நம் ‘ணூ’வையும் ‘ஞை’யையும் அதற்குள் உட்காரவைத்துப் பாருங்கள்!

அகலத்தைவிடப் பெரிய நெருக்கடி எண்ணிக்கையில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு பைட்டில் 256 எண்கள். அதில் முதல் 128-ஐ ஆங்கிலமும் கட்டளைக் குறிகளும் எடுத்துக்கொண்டன. மிச்சம் 128.

தமிழை அந்த 128-க்குள் அடக்க முடியுமா? கணக்குப் போடுவோம். உயிர் 12, ஆய்தம் 1. அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. உகர, ஊகார வரிசைகள் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் 36-ஐயும் தனித்தனியாக வைக்க வேண்டும். டி, டீ இரண்டும் தனி உருவம். இதுவரை 87. கால், கொக்கி, சுழிக்கொக்கி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு சேர்த்தால் 93. கிரந்த எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்தாலும் 128-க்குள் அடங்கிவிடும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கி, யானைத் தும்பிக்கை போட்ட ‘ணை’, ‘லை’ போன்றவற்றையும் பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’ வடிவங்களையும் விலக்கியிருந்ததால் இந்தச் சுமை இன்னும் குறைந்திருந்தது.

சிலர் இதிலும் சிக்கனம் பிடித்தார்கள். ‘கௌ’வின் வலப்பக்கக் குறிக்குத் தனி இடம் எதற்கு, பார்க்க ளகரம் போலத்தானே இருக்கிறது, ளகரத்தையே பக்கத்தில் நிறுத்திவிடலாமே? பல எழுத்துருக்களில் அப்படித்தான் நடந்தது. இந்த ளகரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

ஆக, தமிழ் அந்தப் பெட்டிக்குள் அடங்கியது. கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் யார் வேண்டுமானாலும் அடக்கிவிடலாம். வினையும் அங்கேதான் இருந்தது.

டோக்கியோவின் மேசை

அடங்கவே அடங்காத மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? இதே காலத்தில் ஜப்பானைப் பார்ப்போம்.

அவர்களுக்கு ஹிரகானா, கடகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள் உண்டு. அவற்றோடு சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் ஆயிரக்கணக்கில். 1915-ல் கியோட்டா சுகிமோட்டோ என்பவர் உருவாக்கிய ஜப்பானிய டைப்ரைட்டரில் விசைகளே கிடையாது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உலோக அச்சுகளை ஒரு தட்டில் அடுக்கி, வேண்டிய எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிப்பார்கள். நம் கம்போஸிட்டர் அச்சுக் கோப்பதைப் போலத்தான்.

1978-ல் தோஷிபா நிறுவனம் ஜே.டபிள்யூ.-10 என்ற முதல் ஜப்பானிய வேர்ட் பிராசஸரை அறிவித்தது. பெரிய மேசையளவு உருவம், 220 கிலோ எடை, 63 லட்சம் யென் விலை. கெனிச்சி மோரியின் குழு அதில் செய்த வித்தை இது: அடிப்பவர் சொல்லை ஒலிப்படி அடித்தால் போதும், பொருத்தமான கான்ஜியை மெஷின் தேடித் தரும். இது எளிதான காரியம் அல்ல. ‘கிஷா’ என்று அடித்தால் அது பத்திரிகை நிருபராக இருக்கலாம், ரயிலாக இருக்கலாம், ‘தங்கள் நிறுவனம்’ என்ற மரியாதைச் சொல்லாகவும் இருக்கலாம். பக்கத்துச் சொற்களை வைத்து மெஷின் ஊகிக்க வேண்டும்.

அதே 1978-ல் ஜப்பான் இன்னொன்றும் செய்தது. அவ்வளவாக யாரும் பேசாத, ஆனால் இதைவிட முக்கியமான வேலை அது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று தேசியத் தரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கான்ஜி மட்டும் 6,349. மற்ற குறிகளையும் சேர்த்தால் 6,802.

இந்தப் பட்டியல் இல்லாமல் அவர்களால் ஓர் அடிகூட நகர்ந்திருக்க முடியாது. காரணம் சாதாரணக் கணக்குதான். ஒரு கான்ஜியைத் திரையில் காட்டக் குறைந்தது 16-க்கு 16 புள்ளிகள், அதாவது 32 பைட் தேவை. 6,349 எழுத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் பைட். ஐ.பி.எம்.மின் ஆரம்ப மாடலில் இருந்த மொத்த நினைவகத்தைப் போல 12 மடங்குக்கும் மேல்! ஆகவே எழுத்து வடிவங்களைத் தனிச் சில்லில் பதித்துத்தான் விற்க முடியும். 1982-ல் வந்த என்.இ.சி.யின் பி.சி.-9801 கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கான்ஜிச் சில்லு இருந்தது. இவ்வளவு செலவில் சில்லு செய்கிறவர், அதில் எந்த வரிசையில் எழுத்துகளை அடுக்குவது என்று மனம்போன போக்கில் முடிவு செய்ய மாட்டார். பொதுப் பட்டியலைத்தான் எடுப்பார். தொகுஷிமா என்ற நகரிலிருந்து ஜஸ்ட்சிஸ்டம் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ‘இச்சிதாரோ’ மென்பொருள் அந்நாட்டின் வீட்டுச் சொல்லாகவே ஆனது. அதற்கு அடித்தளம் இட்டது இந்தப் பட்டியல்தான்.

அவர்களுக்கும் குழப்பம் வராமல் இல்லை. அந்த எண்களைப் பொட்டலம் கட்டும் முறைகள் மூன்று இருந்தன. ஒன்றை இன்னொன்றாகத் திறந்தால் திரையில் குப்பை கொட்டும். அதற்கு ‘மோஜிபாகே’ என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தது ஒரே பட்டியல் என்பதால், ஒரு வாய்பாட்டைப் போட்டு ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட முடிந்தது.

கைமாறி வந்த தமிழ்

தமிழில் கதை வேறு மாதிரி தொடங்கியது. ஜப்பானைப் போலப் பெரிய நிறுவனங்கள் அல்ல, தாய்மொழியில் ஒரு கடிதம் அடிக்க ஆசைப்பட்ட தனி மனிதர்கள்தான் இங்கே முன்னோடிகள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே இல்லை.

கனடாவில் இருந்த கே. சீனிவாசன் 1984-ல் ‘ஆதமி’ என்ற தமிழ் வேர்ட் பிராசஸரை உருவாக்கினார். அடுத்த ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை வளர்த்தார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1993-ல் ஓர் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். அதன் பெயர் ‘மயிலை’. ஆல்ப்ஸ் மலையடியில் இருந்துகொண்டு, இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிற பேட்டையின் பெயரைத் தன் தமிழுக்கு வைத்திருக்கிறார்!

அரசுத் தரப்பிலும் ஒரு முயற்சி நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்து, பின்னர் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டையைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் இந்திய மொழிகள் திரையில் வரும். அதற்கான ‘இஸ்கி’ குறியீட்டுத் தரத்தில் தமிழும் இருந்தது. 1991-ல் அது இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் பெற்றது. ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கு அட்டை எதற்கு? விண்டோஸ் வந்தபின் அதைவிட மலிவான வழி கிடைத்துவிட்டது.

அந்த வழி என்னவென்றால், கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. ஆங்கில ‘ஜே’ எழுத்தின் படம் இருக்கும் இடத்தில் ‘த’ என்று ஒரு படத்தை வைத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் தான் சேமிப்பது ஜே என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நம் கண்ணுக்கு ‘த’ தெரியும். பிரின்டரிலும் ‘த’தான் வரும். அச்சுக்கு வேறென்ன வேண்டும்?

கடைக்கு ஒரு தமிழ்

வேறொன்றும் வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தொண்ணூறுகளில் மாம்பலத்தின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் ஒவ்வொன்றாக டி.டி.பி. சென்டர்களாக மாறின. ரெமிங்டன் மெஷின் மேல் தூசு படிந்தது. பேஜ்மேக்கர் வந்தது. புரூஃப் பார்த்து, பட்டர் பேப்பரில் பிரின்ட் எடுத்து, அச்சகத்துக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

“எங்ககிட்ட ஒரு ஃபாண்ட் இருக்கும், எதிர்க்கடைல வேற ஃபாண்ட். கஸ்டமர் அங்க அடிச்சத இங்க கொண்டாந்தா திறக்காது. மறுபடியும் முதல்லேர்ந்து அடிப்போம். காசும் மறுபடி வாங்குவோம்,” என்று சிரிக்கிறார் கடைக்கார அம்மா. “அப்ப யாரும் சண்டை போடல சார். எழுத்து அச்சுல வந்துடுச்சுல்ல!”

டைப்ரைட்டர் வரிசையில் சில, ஆங்கில ஒலி வரிசையில் சில, தங்களுக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டவை சில. ஒன்றில் 171-ஆம் எண் ‘அ’ என்றால் இன்னொன்றில் அதே எண் வேறெதுவாகவும் இருக்கும். ஜப்பானியர்களைப் போல வாய்பாடு ஒன்றைப் போட்டு மாற்ற முடியாது. எழுத்துருவுக்கு ஒரு மாற்று அட்டவணை வேண்டும். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் எந்த அட்டவணையை எடுப்பது என்றும் தெரியாது.

என் பார்வையில் இங்கே ஒரு முரண் இருக்கிறது. நம் எழுத்தின் எண்ணிக்கைதான் கம்ப்யூட்டருக்குத் தடை என்று பலகாலம் புலம்பினோம். உண்மையில் நம்மைக் கெடுத்தது எண்ணிக்கை குறைவாக இருந்ததுதான். நூறு துண்டுகளை ஒருவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்தே 256-க்குள் அடுக்கிவிட முடிந்தது. யாரையும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆறாயிரத்தைத் தனியாக எவராலும் அடுக்க முடியாது என்பதால் ஜப்பானியர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. தெருவில் ஒரே ஒரு கிணறு இருந்தால் வரிசையும் முறையும் தானாக வரும். வீட்டுக்கு வீடு போர் போட்டுக்கொண்ட பிறகு யார் யாரிடம் பேசப் போகிறார்கள்?

ஒன்றாக உட்கார்ந்த கதை

இணையம் வந்ததும் கூத்து வெளிப்பட்டது. காகிதத்தில் யாருக்கும் எழுத்துருவின் பெயர் தேவைப்படவில்லை. ஆனால் மின்னஞ்சலில் போகும் தமிழை எதிர்முனையில் இருப்பவர் படிக்க வேண்டுமே! 1997-ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு. அதைத் தொடர்ந்து தமிழக அரசு ஒரு விசைப்பலகையையும், ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய ‘டிஸ்கி’ இன்னொரு பக்கம் புழங்கியது. அதாவது, பல பட்டியல்கள் சிலவாகக் குறைந்தன. ஒன்றாகவில்லை.

தமிழ்நெட் 99 விசைப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ககரத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ‘ங’ அடித்துக் ‘க’ அடித்தாலும் அப்படியே. மெஷின் காலத்து உருவக் கணக்கை விட்டுவிட்டுத் தமிழின் ஒலி இலக்கணத்தையே விசைகளில் ஏற்றியிருந்தார்கள்.

இதே எண்ணம்தான் யூனிகோடிலும் இருந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் பட்டியல் என்ற அந்த ஏற்பாட்டில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 128 இடங்களில் 72-ஐத்தான் இன்று தமிழ் நிரப்பியிருக்கிறது. இஸ்கியின் வழியில் அமைந்த இதில் உருவத்துக்கு எண் கிடையாது. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நின்றாலும், உள்ளே முதலில் ககரம், பிறகு எகரக் குறி என்றே சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து காட்டுவது திரையின் வேலை. ஒலிக்கும் வரிசையில் சேமி, எழுதும் வரிசையில் காட்டு என்பதுதான் விதி. விண்டோஸ் 2000-லிருந்து இது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளால் பலர் கைக்குப் பழகியது. உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனி எண் கொடுத்திருக்க வேண்டும் என்ற விவாதம் நடந்துகொண்டே இருந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றபோது, அந்தத் தரப்பின் ‘டேஸ் 16’ முறையையும் சேர்த்தே ஏற்றது.

இன்று போனில் ‘சாப்டாச்சா’ என்று அனுப்பும்போது எந்த ஃபாண்ட் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் 1984-க்கும் 2000-க்கும் நடுவில் அடித்த தமிழ், சிறு பத்திரிகைகள், ஸ்தல புராணங்கள், சங்க மலர்கள், குடும்பச் சரித்திரங்கள் எல்லாம் பரணில் கிடக்கும் ஃப்ளாப்பிகளிலும் சி.டி.க்களிலும் பூட்டியே இருக்கின்றன. வைத்திருப்பவர்களுக்குக் கடைக்கார அம்மா சொல்லும் யோசனை இது: முதலில் ஃபைலைப் பிரதி எடுங்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். தெரியாவிட்டால் அச்சடித்த ஒரு பக்கத்தையாவது கொண்டு வாருங்கள், அதை வைத்து அட்டவணையைக் கண்டுபிடிக்கலாம்.

சௌக்கியம்

அவர் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து மாற்றியைத் தட்டினார். என் அப்பா திரையில் வந்தார். மாம்பலம் ஸ்டேஷன், கூட்டுக் குடித்தனம், ஆபீஸ் ரயில், எல்லாமே நல்ல தமிழில். எனக்குக் கண் கலங்கியது. அவர் அதற்கெல்லாம் நிற்கவில்லை.

“முடியல சார், இருங்க. ‘அவர்’ங்கிறதைப் பாருங்க. கடைசியில ரகரம் இல்ல, காலுக்கு மேல புள்ளி வெச்சிருக்கு. அந்தக் காலத்துல நாங்க அப்படித்தான் அடிப்போம், பார்த்தா ஒண்ணுபோலத்தான இருக்கும்.”

அதையெல்லாம் மாற்றி முடித்தார். அப்பாவின் கடிதங்கள் எல்லாம் ‘சௌக்கியம்’ என்றுதான் தொடங்கும். புத்தகத்திலும் அந்தச் சொல் பல இடங்களில் வரும் என்று எனக்கு நினைவு. தேடச் சொன்னேன். ‘இல்லை’ என்றது கம்ப்யூட்டர். முதல் பக்கத்திலேயே கண்ணெதிரே இருக்கிறது அந்தச் சொல்.

“ளகரம் சார்,” என்றார். சிக்கனத்துக்காக முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ பக்கத்தில் நிறுத்திவைத்த அதே ளகரம். நாம் ‘சௌ’ என்று படிப்பதை மெஷின் ‘செ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் படிக்கிறது. இணையத்தில் இன்றும் இப்படி எத்தனையோ ஔகாரங்கள் பார்வைக்கு மட்டும் சரியாக நின்றுகொண்டிருக்கின்றன.

அவர் தேடும் பெட்டியில் வேண்டுமென்றே தப்பாக அடித்தார்: சகரம், எகரக் கொம்பு, ளகரம். அப்பாவின் சௌக்கியங்கள் எல்லாம் வரிசையாக மஞ்சள் பூசிக்கொண்டு எழுந்தன. மொத்தமாக மாற்றிவிடவா என்று கேட்டார். வேண்டாம், ஒவ்வொன்றாகவே மாற்றலாம் மேடம், என்றேன். நாற்காலியை என் பக்கம் தள்ளிப் போட்டார்.